சுவருக்குச் சுவர் அளந்து எழுதவும்

திருக்காட்டுப்பள்ளி
16-6-25

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் செவ்வந்தியும் மாமாவும் இங்கே சுகம். நீயும் அத்தானும் சுகம்தானே? உன் முழங்கால் வலி பள்ளிக்கூட மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டதா?

கையில் போனை வைத்துக்கொண்டு ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறானே என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் பொதுச்சொத்து. மணி அடித்தால் போதும், மாமா ஈஸிசேரில் இருந்தபடி, "யாரு மாப்ளே, எழில் பொண்ணா? ஸ்பீக்கர்ல போடுங்க" என்பார். பிறகு சீர்காழியில் மழை எப்படி, நாற்று என்ன விலை என்று அவரே பேசி முடித்துவிடுவார். வயலில் நின்று பேசலாம் என்றால் நடுவில் அவருடைய அழைப்பு வந்துவிடும். ஆனால் தபாலுக்கு மரியாதை உண்டு. என் பெயர் போட்ட கவரை அவர் பிரிக்கமாட்டார். துண்டால் துடைத்து என் கையில் கொடுப்பார். அதனால் எழுதுகிறேன். எழுதும்போதுதான் ஒரு வாக்கியத்தை நானே முடிக்க முடிகிறது.

விஷயம் இதுதான். பாட்டுக் கேட்க ஒரு நல்ல செட் வாங்க ஆசை. ஐந்து வருடமாக போனில்தான் கேட்கிறேன், அதுவும் ஒரு காதில். இன்னொரு காது "மாப்ளே" என்ற குரலுக்குத் திறந்திருக்க வேண்டும். இரண்டு காதாலும் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது அக்கா.

நீ பிசிக்ஸ் டீச்சர். அத்தானின் முணுமுணுப்பையும் மீறி வீட்டில் ஒரு செட்டைச் சேர்த்து வைத்திருப்பவள். ஐம்பதாயிரத்துக்குள் எதை வாங்கலாம், எதில் ஏமாறக்கூடாது என்று எழுது. இந்தக் குறுவை முடிந்ததும் நாங்கள் இங்கிருந்து கிளம்பிவிடுவோம். தூக்கிப் போக லகுவாக இருக்கட்டும்.

உன் தம்பி,
இனியவன்


சீர்காழி
24-6-25

அன்புத் தம்பிக்கு,

உன் கவரைப் பார்த்து அத்தான் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார். பிரித்துக் காட்டிய பிறகுதான் காபி குடித்தார். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படிதான் என்னைக் கண்டு பயப்படுகிறது.

கடைக்குப் போனதும் எத்தனை வாட்ஸ் என்று கேட்காதே. பெட்டிமேல் ஐயாயிரம் வாட்ஸ் என்று போட்டிருப்பதெல்லாம் அட்டையோடு சரி. ஓர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்க உண்மையான நாற்பது ஐம்பது வாட்ஸ் தாராளம். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும் செட் வேண்டாம், ஒன்று கெட்டால் மொத்தமும் மூலையில் கிடக்கும். தனித்தனியாக வாங்கு. பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும், ஏனென்றால் கடைசியில் காற்றை அசைப்பது அதுதான். ஆம்ப்ளிஃபயர் யாரோ வைத்திருந்து விற்பதாக இருந்தால் பாதகமில்லை. வயருக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. உங்கள் பக்கத்துக் கரண்டுக்கு ஸ்டெபிலைசர் மட்டும் அவசியம்.

இதற்கெல்லாம் முன்னால் அறை. நாம் கேட்பதில் பாதி ஸ்பீக்கர், மீதிப் பாதி அறை. சின்ன அறையில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் வீங்கி, குடத்துக்குள் பேசுவதுபோல ஆகிவிடும். ஆகவே உங்கள் அறையின் நீளம், அகலம், உயரம், சன்னல் எந்தப் பக்கம், கட்டில் எங்கே என்று எழுது. சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்து எழுது. கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லாதே.

அப்புறம், குறுவை முடிந்ததும் கிளம்புவோம் என்கிறாய். உன் மாமனாருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த வருடம், ஒரே ஒரு போகம் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று கோயம்புத்தூர் மில் ஆபீஸில் சொல்லிவிட்டுப் போனவன் நீ. அவர் இப்போது டிராக்டர் ஓட்டுகிறார். குறுவை அறுக்கும்போதே சம்பாவுக்கு நாற்று விடுகிறார்கள். சம்பா அறுக்குமுன் அதே வயலில் உளுந்து தெளித்துவிடுகிறார்கள். உன்னுடைய 'முடிந்ததும்' இதில் எந்த இடுக்கில் வரும் என்று எனக்கு விளங்கவில்லை.

செவ்வந்தியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


திருக்காட்டுப்பள்ளி
8-7-25

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வருகிறது. மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடி ஆம்ப்ளிஃபயர் பற்றிப் படித்தேன். பழைய காலத்துக் கனமான பெட்டிகள்தான் நல்ல சத்தம் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. கைக்கடக்கமான புது டிஜிட்டல் வகையே போதும் என்று இன்னொரு கூட்டம். போனிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்காமல் நடுவில் ஒரு சின்ன டப்பா வைத்தால் பாட்டு துல்லியமாகும் என்கிறார்களே, அது நிஜமா? தரையில் நிற்கும் ஸ்பீக்கரா, ஸ்டாண்டில் வைக்கும் சின்ன ஸ்பீக்கரா? இதற்கெல்லாம் விளக்கமாகப் பதில் எழுது. அறையைப் பிறகு அளந்து எழுதுகிறேன், அதற்கென்ன அவசரம்.

இன்னொரு செய்தி. மில்லில் எனக்கு மேனேஜராக இருந்த இளம்பரிதி சார் வேதாரண்யத்தில் உப்பு வியாபாரத்துக்கு ஆபீஸ் போட்டிருக்கிறார். கோடியக்கரை போகும் ரோட்டில். கணக்கும் லாரிகளும் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். "நீங்கதான் வரணும் இனியவன்" என்றார். உப்பு சீசன் தையில் தொடங்குகிறது, அதற்குள் முடிவு சொன்னால் போதுமாம். கேட்டதும் நெஞ்சு படபடத்தது. நான் ஆபீஸில் வேலை பார்த்தவன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. செவ்வந்திக்கும் தெரியாது. நீயும் வாயைத் திறக்காதே.

இனியவன்


சீர்காழி
15-7-25

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அந்தச் சின்ன டப்பா நிஜம்தான். ஆனால் மலிவானதே போதும். சின்ன ஸ்பீக்கர், ஸ்டாண்டு, சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி. எவ்வளவு தள்ளி என்பது அறையைப் பொறுத்தது. அந்த அறையைத்தான் நீ எழுதவில்லை.

வேதாரண்யம் விஷயம் படித்து எனக்கும் நெஞ்சு படபடத்தது. நல்ல ஆள், நல்ல வேலை. கட்டியவளிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லி என்னடா பிரயோசனம்? இன்று சாயங்காலமே சொல். அப்படியே டேப்பின் மறுமுனையையும் அவளைப் பிடிக்கச் சொல்.

அக்கா


திருக்காட்டுப்பள்ளி
11-8-25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நாதஸ்வரமும் உருமியும் கலந்து காது மட்டும் கொஞ்சம் இரைகிறது. காரணம் சொல்கிறேன், சிரிக்காதே.

நான் போனில் ஸ்பீக்கர் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்ததை செவ்வந்தி மாமாவிடம் சும்மா சொல்லியிருக்கிறாள். ஆடித் தள்ளுபடி முடியுமுன் மாமா தஞ்சாவூருக்கு லோடு ஆட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது பின்னால் இரண்டு டவர் ஸ்பீக்கர் நின்றுகொண்டு வந்தன. ஒவ்வொன்றும் செவ்வந்தி உயரம். சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடுகிறது. கையில் பிடித்துப் பாட இரண்டு மைக் இலவசம். இறக்கியதும் சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் காட்டி, கூடத்தில் டிவிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார். தெருவே வந்து பார்த்தது. வந்தவர்களிடமெல்லாம், "மாப்ள ஆசப்பட்டாரு" என்றார். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

போட்டதும் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எப்படி இருக்கு மாப்ளே?" என்று கத்திக் கேட்டார். நானும் கத்தித்தான் சொன்னேன், "நல்லா இருக்கு மாமா."

இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கே அது பாட ஆரம்பித்துவிடுகிறது, எனக்காக. இந்த வீட்டில் ஆசைப்படவே பயமாக இருக்கிறது அக்கா. எதைக் கேட்டாலும் கிடைக்கிறது, கேட்ட அளவில் கிடைப்பதில்லை. இனி நான் தனியாக ஒரு செட் வாங்கினால் அது அவர் முகத்தில் அடிப்பது மாதிரி ஆகும்.

செவ்வந்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

இனியவன்


சீர்காழி
18-8-25

அன்புத் தம்பிக்கு,

சிரிக்காதே என்றால் எப்படி? இலவச மைக் இரண்டு என்ற இடத்தில் ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். கோபம் வந்தது, உன்மேல்.

'நல்லா இருக்கு மாமா' என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். திட்டுகிற மாமனாராக இருந்தால் ஒரே நாளில் பெட்டியைக் கட்டியிருப்பாய். இவர் வாரி வாரிக் கொடுக்கிறார், அதனால் வாயடைத்து நிற்கிறாய். அப்பா முகமே தெரியாமல் வளர்ந்தவன் நீ, எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதற்காகச் சரி என்று சொல்லமாட்டேன்.

செட்டை விடாதே. என்னோடு வேலை பார்க்கும் ஹமீதா பானுவின் அண்ணன் மீரா உசேன் அய்யம்பேட்டையில் இருக்கிறார், துபாயிலிருந்து திரும்பியவர். ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் கொடுக்கப் போகிறாராம். நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உனக்கு மனப்பாடமான பாட்டை எடுத்துக்கொண்டு போய் அதில் போட்டுக் கேள். தெரிந்த பாட்டில்தான் ஸ்பீக்கரின் குணம் தெரியும்.

அறையின் அளவு, ஐயா?

அக்கா


திருக்காட்டுப்பள்ளி
27-10-25

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பதில் தாமதமானதற்கு மழைதான் காரணம். குறுவை நெல் களத்தில் நனைந்து, வாரி எடுத்து, காயவைத்து, மறுபடி நனைந்து, தூக்கம் போயிற்று. அத்தானுக்குக் காய்ச்சல் என்றாயாம் செவ்வந்தியிடம், இப்போது தேவலாமா?

வாங்கிவிட்டேன். அய்யம்பேட்டை போனேன். மீரா உசேன் பாய் டீ கொடுத்து, என்னை நடு நாற்காலியில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார். நான் கொண்டுபோன நாதஸ்வரத்தைப் போட்டேன். நூறு தடவை கேட்ட பாட்டு அக்கா. அதில் வாசிக்கிறவர் இரண்டு அடிகளுக்கு நடுவில் மூச்சை இழுக்கிறார். அந்த மூச்சு எனக்கு இதுவரை கேட்டதே இல்லை. சின்னதாக, அவசரமாக, ஒரு மனுஷனுடைய மூச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று தெரியவில்லை. யாரும் கூப்பிடவில்லை, அதனாலாகவும் இருக்கலாம்.

பாய் உள்ளே வந்து, "எந்த ரூம்ல வைக்கப் போறீங்க தம்பி, பெரிய ரூமா?" என்று கேட்டார். நீயும் அவரும் பேசி வைத்துக்கொண்டீர்களா?

எங்கள் அறையில் இப்போது நெல் மூட்டை. மழைக்காக உள்ளே ஏற்றியது. அதனால் ஸ்பீக்கர் பெட்டிகளை உரக் கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை. மாமா என்னவென்று கேட்டார். அக்காவுடைய சாமான், கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உடனே ஒரு தார்ப்பாய் கொண்டுவந்து பத்திரமாக மூடினார்.

இளம்பரிதி சாரிடம் பொங்கல் வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.

இனியவன்


சீர்காழி
3-11-25

தம்பிக்கு,

அத்தானுக்குக் காய்ச்சல் விட்டது. ரசம் சாதத்தைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

நெல் மூட்டை நல்லதுதான். பேஸை அதுபோல உறிஞ்சும் சாமானைக் கடையில் ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். இதோடு வேடிக்கையை நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் மாதத்திலிருந்து உன்னிடம் ஒரே கேள்வி கேட்கிறேன். ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற உனக்கு அந்த ஒரு வரி மட்டும் எழுத வரவில்லை. முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. ஒன்பது அறை உள்ள வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள உனக்கென்று ஓர் அறை இல்லை. அளந்து எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று பயப்படுகிறாய். மழைக்கு முன்னாலும் அந்த அறையில் ஏதாவது மூட்டை இருந்திருக்கும். நான் சொல்வது தப்பென்றால் எழுது, சந்தோஷப்படுவேன்.

செவ்வந்தியிடம் சொல். அவள் முட்டாள் இல்லை.

அக்கா


திருக்காட்டுப்பள்ளி
12-12-25

அக்காவுக்கு,

சுகம். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நீ சொன்னது தப்பில்லை.

போன வாரம் பூதலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் யாரோ என்னை யாரென்று கேட்டதற்கு மாமா, "மாப்ள இல்லைங்க, மவன்" என்றார். திரும்பி வரும்போது வண்டியில் அவராகவே பேச்சைத் தொடங்கினார். பண்ணையில் கூலிக்கு நின்ற குடும்பம் அது. ஒரே குடிசையில் எட்டுப் பேர்.

"மழ பேஞ்சா எட்டு பேரும் ஒக்காந்துகிட்டேதான் தூங்கணும் மாப்ளே. அதான் ஒம்போது ரூமு கட்டுனேன். என் வீட்ல எடம் இல்லன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

இதைக் கேட்ட பிறகு எனக்கு இடமில்லை என்று எந்த வாயால் சொல்வது? மூச்சு முட்டுகிறது அக்கா. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

செவ்வந்தி ஒரே மகள். வா என்றால் வருவாள், அழுதுகொண்டே வருவாள். பக்கத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க நான் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருப்பதா? அதனால் முடிவு செய்துவிட்டேன். பொங்கலுக்குள் இளம்பரிதி சாரிடம் வரவில்லை என்று சொல்லிவிடுவேன். ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் தை பிறந்ததும் உனக்கே பார்சலில் போடுகிறேன். அக்காவின் சாமான் என்று மாமாவிடம் சொன்ன பொய்யாவது உண்மையாகட்டும்.

சம்பா கதிர் வாங்கிவிட்டது. நன்றாக இருக்கிறது.

இனியவன்


சீர்காழி
20-12-25

அன்புள்ள செவ்வந்திக்கு,

நீயும் அப்பாவும் நலமா? பனி ஆரம்பித்துவிட்டது, அப்பாவைக் காலையில் தலையில் துண்டு கட்டாமல் களத்துக்குப் போகவேண்டாம் என்று சொல். எங்களுக்கு இங்கே சுகம்.

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு பாட்டு செட்டுக்காகத் தம்பியிடம் ஆறு மாதமாக ஒரு விவரம் கேட்கிறேன், அவன் ஏனோ எழுத மறந்துவிடுகிறான். நீயும் டீச்சராக இருந்தவள், சரியாகச் செய்வாய். உங்கள் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் வேண்டும். குத்துமதிப்பு கூடாது. சுவருக்குச் சுவர் அளந்து எழுதவும். ஒருவராக அளந்தால் டேப் தொய்யும், மறுமுனையை அவனைப் பிடிக்கச் சொல்.

அன்புடன்,
எழில்மொழி


திருக்காட்டுப்பள்ளி
19-1-26

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அனைவரும் சுகம். நீங்களும் அண்ணனும் பொங்கலை நல்லபடியாகக் கொண்டாடியிருப்பீர்கள். நீங்கள் கேட்டது ஒரு வரி. பதில் எழுத எனக்கு ஒரு மாதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அறுப்பு மிஷின் பெட்டியிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குப் போனேன். ஒரு பக்கச் சுவரை ஒட்டி விதை நெல் மூட்டை. எதிர்ப்பக்கம் மிஷினுடைய பெல்ட்டும் பிளேடும். மூலையில் அப்பாவின் பழைய பீரோ. எந்தப் பக்கம் பிடித்தாலும் டேப் போய் எதிலாவது முட்டுகிறது. தினமும் படுக்கிற அறை அண்ணி, அன்றுதான் அதை முதல்தடவையாகப் பார்த்தேன். இவரைக் கூப்பிட்டு மறுமுனையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அளக்காத செவ்வந்தி. இது குடோன்" என்றார்.

பிறகு எல்லாம் சொன்னார். வேதாரண்யம், பரணில் இருக்கும் பெட்டி, ஒரு காதில் மட்டும் பாட்டுக் கேட்பது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் பள்ளிக்கூட வேலையை விட்டது அப்பாவின் ஆபரேஷனுக்காக. தேறியதும் வெளியூர் போய்விடலாம், மறுபடி வேலைக்குப் போகலாம் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் இவர் வயலும் வரப்புமாக ஒட்டிக்கொண்டார். அப்பா இல்லாமல் வளர்ந்தவர், ஒரு அப்பா கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறார், அதை நாம் கெடுக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்காக அவர் இருந்திருக்கிறார், அவருக்காக நான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம். கூடத்தில் டவர் அலறிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். இவரைச் சொல்லவிட்டிருந்தால் 'நல்லா இருக்கு மாமா' என்று முடித்துவிட்டு வந்திருப்பார். அப்பா எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அன்று டிவி போடவில்லை, டவரும் போடவில்லை. மறுநாள் காலை சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"இங்க என்னம்மா கொற?"

"ஒரு கொறையும் இல்லப்பா. அதனாலதான் இத்தன வருஷம் சொல்ல முடியல" என்றேன்.

கை கழுவிவிட்டு வந்து, வேதாரண்யத்தில் வீடு பார்க்கத் தானும் வருவதாகச் சொன்னார்.

கன்னிப் பொங்கலன்று மூன்று பேரும் போனோம். அப்பா உப்பளம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பாத்திகளையும் வரப்பையும் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா கட்டியிருக்கானுவோ" என்றார். அன்று முழுக்க அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

வீடு மாடியில். ஒரு அறை, ஒரு அடுப்படி. அப்பா வாசற்படியிலேயே நின்று, "ஒத்த ரூமா?" என்று கேட்டார். எட்டுப் பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து தூங்கியதிலிருந்து தப்பிக்க வாழ்நாள் முழுக்க உழைத்தவர். அவர் மகள் ஒன்பது அறையை விட்டு ஓர் அறைக்குப் போகிறாள். அதை எப்படி அவருக்கு விளக்குவேன்? இவர் கீழே வீட்டுக்காரரிடம் கரண்டு மீட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து டேப்பை எடுத்து முனையை அப்பாவிடம் நீட்டினேன்.

எதுக்கு என்று கேட்டார். "அவரு பாட்டுக் கேக்க. ரூமு எவ்வளவுன்னு எழில் அண்ணி கேட்டிருக்காங்க" என்றேன். "அப்ப அந்த டவரு?" என்றார். கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முனையைச் சுவரில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

குறித்துக்கொள்ளுங்கள் அண்ணி. நீளம் பன்னிரண்டே கால் அடி. அகலம் பத்தடி. உயரம் ஒன்பதரை. கிழக்கே ஒரு சன்னல், அதன் வழியாக உப்புக் காற்று வருகிறது. அதனால் ஸ்பீக்கருக்கு ஏதாவது ஆகுமா? கட்டிலை எந்தப் பக்கம் போடுவது? மாத முடிவில் குடி போகிறோம். சம்பா அறுப்புக்கு வந்துவிடுகிறோம் என்று நாங்களாகத்தான் சொன்னோம், அப்பா கேட்கவில்லை.

அகலத்தைக் கடைசியாக அளந்தோம். எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் அப்பா முனையை விடாமல் அப்படியே நின்றிருந்தார்.

"போதும்ப்பா, விட்டுடுங்க" என்றேன்.

"விட்டா விசுக்குனு வந்து ஒன் கையில அடிக்கும்மா" என்றார்.

முனையைப் பிடித்தபடியே, டேப் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சுருள, அந்தப் பத்தடியை மெல்ல நடந்து வந்து என் கையில் கொடுத்தார்.

அளவு சரியாக இருக்கும் அண்ணி. நம்பி எழுதுங்கள்.

அன்புடன்,
செவ்வந்தி